அடுப்பு அதிகம் வேண்டாத பண்டிகைகள்: பங்குனி, சித்திரையில் சின்னப் பிள்ளைகளோடு என்ன செய்யலாம்?

கேள்வி: "எனக்கு நாலு வயதில் ஒரு பையன், ஏழு வயதில் ஒரு பெண். ராம நவமிக்கும் தமிழ்ப் புத்தாண்டுக்கும் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு எளிதாக ஏதாவது செய்ய ஆசை. அடுப்புப் பக்கம் விடப் பயமாக இருக்கிறது. பெண் வேறு, தோழி வீட்டு ஈஸ்டர் முட்டையைப் பார்த்துவிட்டு அதுவும் வேண்டும் என்கிறாள். எதில் தொடங்குவது?"

பிள்ளைகளோடு சேர்ந்து பலகாரம் செய்ய, வருஷத்தில் இதைவிட வசதியான காலம் கிடையாது. தீபாவளி என்றால் எண்ணெய்ச் சட்டி. பொங்கல் என்றால் பொங்கி வழிகிற பானை. பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டைக்கு மேல்மாவு கிளறுவதற்குள் பெரியவர்களுக்கே வியர்த்துவிடும். பங்குனியும் சித்திரையும் அப்படியில்லை. வெயில் ஏறுகிற நேரத்தில் வருகிற பண்டிகைகள் என்பதால் பானகம், நீர்மோர், கோசுமல்லி, பச்சடி என்று உடம்பைக் குளிரவைக்கிற பண்டங்களாகவே இருக்கும். நெருப்பு கொஞ்சம், கைவேலை அதிகம். கரைப்பது, கடைவது, கிள்ளுவது, இடிப்பது, பிழிவது எல்லாமே நாலு வயதுக் கைக்கு முடிகிற வேலைதான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரி. பிள்ளைக்குக் கொடுக்கிற வேலை நிஜமான வேலையாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் நாம் செய்து முடித்துவிட்டு, கடைசியில் மேலே முந்திரி தூவச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டால் அதில் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. அது ஒப்புக்குச் சப்பாணி வேலை என்று மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பானகத்தில் ஏலக்காய் மணக்கிறது என்றால் அதை இடித்தது அவன்தான் என்று இருக்க வேண்டும். அவன் இடிக்காவிட்டால் மணம் இல்லை. அந்த அளவுக்கு நம்பிக் கொடுங்கள். சுமாராக வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

தொடங்குவதற்கு முன்னால், சமையல் மேடையை மறந்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். ஸ்டூல் போட்டு மேடைக்கு ஏற்றினால் பாதிக் கவனம் அவன் விழாமல் பார்த்துக்கொள்வதிலேயே போய்விடும். பழைய புடவையோ போர்வையோ விரித்து, நடுவில் ஓர் அகலமான தாம்பாளம் வைத்து, சிந்துவதெல்லாம் அதற்குள் விழும்படி செய்தால் சுத்தம் செய்கிற வேலையும் குறையும். ஆளுக்கு ஒரு பாத்திரம், ஆளுக்கு ஒரு கரண்டி. நாலும் ஏழும் ஒரே கிண்ணத்தில் கலக்கப் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருபது நிமிஷத்துக்கு மேல் சின்னவனை எதிர்பார்க்காதீர்கள். எழுந்து போனால் போகட்டும், ருசி பார்க்க எப்படியும் வந்துவிடுவான்.

சரி, பானகத்தில் தொடங்கலாம். ராம நவமி மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வரும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 முதல் 120 கிராம் வெல்லம் போதும். பெரியவர்களுக்குச் செய்யும்போது 150 வரை போடுவார்கள், பிள்ளைகளுக்கு அவ்வளவு வேண்டாம். இது கொதிக்காத பண்டம் என்பதால் தண்ணீரை முதலில் கொதிக்கவைத்து ஆறவிட்டுக்கொள்வது அவசியம். அது உங்கள் வேலை, பிள்ளைகள் வருவதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது வெல்லத்தைப் போட்டுக் கரைக்கச் சொல்லலாம். வெல்லத்தை உடைப்பதும் அவர்களே: கட்டியை ஒரு கெட்டித் துணியில் முடிந்து, குழவியையோ சின்ன உலக்கையையோ கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள். துணிக்குள் இருப்பதால் சிதறாது. விரலில் படாமல் இருக்க, முடிச்சை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், அடிப்பது மட்டும் அவன். வெல்லம் வாங்கும்போது பளீரென்று மஞ்சளாக இருப்பதை விட்டுக் கொஞ்சம் கறுத்ததாக வாங்குவது நல்லது. வெளிர் நிறத்துக்காக ரசாயனம் சேர்ப்பது உண்டு. கரைந்ததும் வடிகட்டியில் ஊற்றச் சொன்னால் அடியில் தங்குகிற மண்ணையும் தும்பையும் பார்த்து ஏழு வயதுக்காரி நிச்சயம் கேள்வி கேட்பாள். கரும்புச்சாறு காய்ச்சும் கதையை அப்போது சொல்லலாம்.

ஏலக்காய் நாலை இடிகல்லில் போட்டு, கூடவே ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்து இடிக்கச் சொல்லுங்கள். சர்க்கரை சேர்ந்தால் நைசாக இடிபடும். தோல் பெரிதாக நின்றாலும் கவலையில்லை, எப்படியும் வடிகட்டப் போகிறோம். சுக்கு மட்டும் பிள்ளைகளுக்கு ஆகாத வேலை, கல் மாதிரி இருக்கும். "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்று பழைய வைத்தியச் சொல் உண்டல்லவா, அதன்படி மேல் தோலைச் சீவி நீங்களே நசுக்கித் தூளாக்கிக் கால் டீஸ்பூன் எடுத்து வையுங்கள். சின்னவனுக்குக் காரம் பிடிக்காவிட்டால் அதிலும் பாதி.

எலுமிச்சம்பழத்தை வெட்டுவதற்கு முன் தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டச் சொல்லுங்கள். சாறு நன்றாக இறங்கும், பிள்ளைக்கும் விளையாட்டு. வெட்டுவது நீங்கள், பிழிவது பெண், விதையைப் பொறுக்குவது பையன். விதை உள்ளே கிடந்தால் கசக்கும் என்று சொல்லிவிட்டால் தீவிரமாகத் தேடுவான். தண்ணீர் முழுக்க ஆறிய பிறகு சாற்றைச் சேர்க்க வேண்டும். ஒரு சிட்டிகை உப்பு, நாலு துளசி இலை. முடிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல வீடுகளில் பானகத்துக்குப் பச்சைக் கற்பூரம் துளி போடுவார்கள். பிள்ளைகளோடு செய்கிற பானகத்தில் அது வேண்டவே வேண்டாம். கற்பூரம் கொஞ்சம் அதிகமாக உள்ளே போனாலே சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பார்க்கவும் கல்கண்டு மாதிரி இருக்கும். பண்டிகை நாளில் பூஜை சாமானும் சமையல் சாமானும் ஒரே இடத்தில் பரப்பியிருப்போம். ஆகவே பச்சைக் கற்பூரம், ஏற்றுகிற சூடம் இரண்டையும் முதலில் உயரத்தில் வைத்துவிட்டுத்தான் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும்.

கலக்குகிற நேரத்தில் கதை வேண்டுமென்றால் மங்களகிரிக் கதை இருக்கிறது. ஆந்திராவில் விஜயவாடாவுக்குப் பக்கத்தில் மலைமேல் ஒரு நரசிம்மர் கோயில். அங்கே அவருக்குப் பெயரே பானக நரசிம்மர். திறந்த வாயில் பானகத்தை ஊற்றுவார்கள். பாதியைக் குடித்துவிட்டு மீதியைப் பக்தருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்பது நம்பிக்கை. இதைக் கேட்ட பிள்ளைகள் தங்கள் டம்ளரிலும் பாதி மிச்சம் வைத்து உங்களிடம் நீட்டுவார்கள். குடித்துவிடுங்கள்.

நைவேத்தியத்துக்கு முன் ருசி பார்க்கக் கூடாது என்பது வீட்டுக்கு வீடு கறாராகவே இருக்கும். நாலு வயதுப் பிள்ளை விரலை நக்காமல் வெல்லம் கரைப்பான் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். கரைத்து வடிகட்டியதும் முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் சாமிக்கு என்று எடுத்து மூடிவைத்துவிடுங்கள். அல்லது சாமிக்கு நீங்கள் தனியாக ஒரு செம்பு கரைத்துவிடுங்கள். மீதியில் அவர்கள் முழங்கை வரை விட்டாலும் சண்டை வராது. பாட்டி வீட்டில் இருந்தால் இந்த ஏற்பாட்டை முன்கூட்டியே பேசி வைப்பது உத்தமம்.

நீர்மோருக்கு மத்து இருந்தால் மத்து, இல்லாவிட்டால் இறுக்கமான மூடி போட்ட பாட்டில். ஒரு கப் தயிருக்கு மூன்று கப் தண்ணீர், அளவான உப்பு, ஒரு சிட்டிகை பெருங்காயம். பாட்டிலில் ஊற்றி மூடியை நீங்கள் திருகிக் கொடுத்தால் வீடு முழுக்க ஓடியாடிக் குலுக்குவார்கள். கறிவேப்பிலையை உருவுவதும் கொத்தமல்லியைக் கிள்ளுவதும் அவர்கள் பங்கு. பச்சைமிளகாயைப் பிள்ளைகள் தொடவே வேண்டாம். தொட்ட கையைக் கண்ணில் வைத்துவிட்டால் பண்டிகை அன்றைக்கு அத்தோடு சரி. காரத்துக்கு ஒரு துண்டு இஞ்சியைத் துருவிச் சாற்றை மட்டும் பிழிந்து விடுங்கள்.

கோசுமல்லிதான் ஏழு வயதுக்காரிக்கு ஏற்றது. அரை கப் பாசிப்பருப்பைக் கழுவி ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். அதற்கு மேல் இந்த வெயிலில் வெளியே வைத்தால் வாடை வந்துவிடும். வழக்கமாக இந்தப் பருப்பைப் பச்சையாகவே கலப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் நான் இட்லிப் பானை ஆவியில் மூன்று, நாலு நிமிஷம் வைத்து எடுத்துவிடுவேன். குழையாமல் மலர்ந்து நிற்கும், வயிற்றுக்கும் பயமில்லை. வெள்ளரிக்காயைத் தோல் சீவியால் சீவப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுங்கள். காயைத் தட்டில் படுக்கவைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தன்னை விட்டு வெளிப்பக்கமாகத் தள்ளிச் சீவ வேண்டும். காயைக் கையில் தூக்கிப் பிடித்துச் சீவவிடாதீர்கள். நீளவாக்கில் நீங்கள் நாலாகக் கீறிக் கொடுத்தால், பல் இல்லாத வெண்ணெய்க் கத்தியால் அவள் துண்டு போடுவாள். வெள்ளரிக்காய் அந்தக் கத்திக்குச் சுலபமாக வழிவிடும். கேரட் விடாது, வீணாக மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும். கேரட்டைத் துருவிப் போடுங்கள், அதை நீங்களே துருவுங்கள். சின்னவனுக்குப் பச்சைக் கேரட்டைத் துண்டாகக் கொடுப்பது தொண்டையில் அடைக்கக்கூடிய சங்கதி.

ஊறிய பருப்பு, வெள்ளரிக்காய், இரண்டு ஸ்பூன் தேங்காய்த் துருவல், கொஞ்சம் துருவிய மாங்காய், கொத்தமல்லி எல்லாவற்றையும் கையாலேயே கலக்கச் சொல்லுங்கள். கடுகு தாளிப்பது மட்டும் நீங்கள், அதுவும் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது. உப்பும் எலுமிச்சையும் சாப்பிட உட்காரும் நிமிஷத்தில்தான். முன்னாலேயே போட்டால் வெள்ளரிக்காய் தண்ணீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடும். இதைச் சொல்லாமல் ஒரு கிண்ணத்தில் உப்பைப் போட்டு, இன்னொன்றில் போடாமல் கால் மணி நேரம் வைத்துவிட்டுப் பெண்ணையே பார்க்கச் சொன்னால் அவளே கண்டுபிடித்துச் சொல்வாள்.

இனிச் சித்திரை முதல் நாள். இதற்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன், ஏனென்றால் வேலை சமையலறையில் தொடங்குவதில்லை, மரத்தடியில் தொடங்குகிறது. வேப்பமரம் பூப்பது பங்குனி, சித்திரையில்தான். ஒரு வெள்ளை வேட்டியை மரத்தடியில் விரித்து வைத்தால் காலைக்குள் பூ உதிர்ந்து கிடக்கும். ரோட்டோர மரம் வேண்டாம், புகையும் தூசியும் படிந்திருக்கும். பூச்சிமருந்து அடிக்காத தோட்டத்து மரமாகப் பாருங்கள். பிள்ளைகள் குச்சியையும் எறும்பையும் பொறுக்கிவிட்டுப் பூவை மட்டும் சேர்க்கட்டும். ஒரு மணி நேரம் பொறுக்கினாலும் ஒரு கைப்பிடிதான் தேறும், வாசலில் ஒரு கூட்டமே உட்கார்ந்து செய்கிற வேலை இது. அலசி, நிழலில் உலர்த்தினால் இரண்டு மூன்று நாளில் சருகாகும். ஈரம் இல்லாமல் டப்பாவில் போட்டால் வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆகும். ஒரு வார்த்தை: பூ வேறு, வேப்பெண்ணெய் வேறு. வேப்பெண்ணெயைச் சிறு பிள்ளைகளுக்கு உள்ளுக்குக் கொடுப்பது ஆபத்து. "நல்லதுதானே, ஒரு சங்கு கொடு" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பச்சடிக்குக் கிளிமூக்கு மாங்காய் நல்லது, புளிப்பு மட்டாக இருக்கும். காம்பை ஒடித்தால் வடிகிற பால் பட்டால் பிஞ்சுத் தோல் புண்ணாகும். அதனால் காம்பை நீங்களே கிள்ளி, காயைக் கழுவித் துடைத்துக் கொடுங்கள். நடுத்தரக் காய் ஒன்றுக்கு முக்கால் கப் தண்ணீர், மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை. மாங்காய் நன்றாகக் குழைந்த பிறகுதான் வெல்லம் போட வேண்டும். முன்னாலேயே போட்டுவிட்டால் அப்புறம் காய் வேகாமல் நறுக் நறுக்கென்று நிற்கும். அரை முதல் முக்கால் கப் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றிக் கொதிக்கவிட்டு, கெட்டியாகாவிட்டால் ஒரு டீஸ்பூன் அரிசிமாவைக் கரைத்து விடுங்கள். வெல்லப்பாகு கையில் தெறித்தால் ஒட்டிக்கொண்டு சுடும், ஆகவே இந்த அடுப்பு வேலை முழுக்க உங்களுடையது. கடுகு, ஒரு காய்ந்த மிளகாய் தாளித்து, நெய்யில் வறுத்த வேப்பம்பூவை மேலே போட்டால் ஆயிற்று.

அப்படியானால் பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை? பூ பொறுக்கியது, வெல்லம் உடைத்தது போக, ருசி பார்ப்பதுதான் பெரிய வேலை. பச்சடி கொதிக்கும்போது தரையில் ஒரு தட்டை வைத்து ஆறு சின்னக் கிண்ணம் அடுக்குங்கள். இனிப்புக்கு வெல்லம், புளிப்புக்கு ஒரு சுளை புளி, உவர்ப்புக்கு உப்பு, கார்ப்புக்கு மிளகுத்தூள் துளி, கசப்புக்கு வேப்பம்பூ. துவர்ப்புக்குத்தான் எல்லோரும் திண்டாடுவார்கள். பிஞ்சு மாங்காயின் உள்ளே இருக்கும் பருப்பில் நகக்கண் அளவு கிள்ளி வைத்தால் போதும், வாய் அப்படியே உலர்ந்துபோகும். கண்ணைக் கட்டிவிட்டு ஒவ்வொன்றாக நாக்கில் தொட்டுவைத்து என்ன சுவை என்று கேளுங்கள். முகம் போகிற போக்கைப் பார்த்து நீங்களும் சிரிக்கலாம். அப்புறம் உங்கள் முறை, உங்கள் கண்ணைக் கட்டி அவர்கள் ஊட்டட்டும். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. தெலுங்கு, கன்னடக் குடும்பங்கள் யுகாதிப் பச்சடியில் இந்த ஆறையும் ஒரே கிண்ணத்தில் கலந்துவிடுவார்கள். அக்கம்பக்கத்தில் யாராவது இருந்தால் ஒரு கிண்ணம் வாங்கி ருசி பார்க்கச் சொல்லுங்கள், எந்தச் சுவை முதலில் வந்தது என்று இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள்.

கசப்பைத் துப்பினால் திட்டாதீர்கள். பிள்ளைகளுக்குக் கசப்பு நம்மைவிடக் கடுமையாகத் தெரியும். புதிய சுவை ஒன்று அவர்களுக்குப் பழக எட்டு முதல் பதினைந்து முறை வரை வாயில் பட வேண்டியிருக்கும் என்பது குழந்தை உணவைப் பற்றி ஆராய்ந்தவர்கள் சொல்வது. புத்தாண்டு என்பதற்காக ஒரே நாளில் விழுங்கவைக்க வேண்டியதில்லை. நாக்கில் பட்டதே கணக்குத்தான். என் பார்வையில், "நல்ல பிள்ளை, முழுங்கு" என்று கெஞ்சிக் கொடுத்த வேப்பம்பூவைவிட, தானே எடுத்து நக்கிவிட்டு "ச்சீ" என்று சொன்ன வேப்பம்பூ மேல்.

புத்தாண்டுக்கு முந்தின ராத்திரி கனித் தட்டு அடுக்குகிற வழக்கம் உங்கள் வீட்டில் உண்டென்றால் அதையும் முழுக்க அவர்களிடமே விட்டுவிடலாம். மா, பலா, வாழை, எலுமிச்சை, பூ, வெற்றிலை, நாணயம், நடுவில் கண்ணாடி. எது எங்கே என்று அவர்களே முடிவு செய்யட்டும். கண்ணாடிக்கு முன்னால் பொம்மைக் கார் ஒன்று நின்றாலும் நிற்கட்டும்.

இனிப்பு உருண்டை கேட்பார்கள். அடுப்பே வேண்டாத உருண்டை மாலாடு. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்ததுதான் என்பதால் வேகவைக்க ஒன்றுமில்லை. மாவை மிக்ஸியில் நீங்கள் அரைத்துச் சலிக்கக் கொடுங்கள். சலிப்பதில் சின்னவனுக்குக் கிடைக்கிற சந்தோஷம் எந்தப் பொம்மையிலும் கிடைக்காது, நீங்கள் மட்டும் மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள். ஒரு கப் மாவுக்கு அரை கப் பொடித்த சர்க்கரை, இடித்த ஏலக்காய், கால் கப் நெய். நெய்யை உருக்கி, விரல் வைத்தால் சுடாத பதத்துக்கு ஆறவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கையில் பிடித்தால் நிற்க வேண்டும், உதிர்ந்தால் இன்னும் ஒரு ஸ்பூன். பிள்ளைகளுக்கு உருண்டை பிடிப்பது ஆரம்பத்தில் வராது, விரலை விரித்து வைத்துக்கொண்டு அழுத்துவார்கள். "கைக்குள் குருவிக்குஞ்சு இருக்கிறது, தப்பித்துப் போகாமல் மூடு" என்று சொல்லிப் பாருங்கள், உடனே கை குவியும். ஐந்து வயதுக்குக் கீழே முழு முந்திரியோ முழு வேர்க்கடலையோ வைக்காதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்து உண்டு. பொடித்துச் சேர்த்தால் போதும்.

மாலாடும் வேண்டாம், இன்னும் எளிதாக வேண்டும் என்றால் வெல்ல அவல். மெல்லிசு அவல் ஒரு கப், தண்ணீர் தெளித்துப் பத்து நிமிஷம் வைத்து, பொடித்த வெல்லம் அரை கப்புக்குக் கொஞ்சம் குறைவாக, தேங்காய்த் துருவல் கால் கப், ஏலக்காய். பிசைந்தால் முடிந்தது. கெட்டி அவல் என்றால் கழுவி நன்றாக ஊறவைக்க வேண்டும்.

வெல்லம் உடம்புக்கு நல்லதாயிற்றே, எவ்வளவு வேண்டுமானாலும் தரலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தர முடியாது. சத்துக் கணக்கில் வெல்லமும் பெரும்பாலும் சர்க்கரைதான், பல்லுக்கும் அதே கதிதான். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தை வீட்டில் இருந்தால் அதற்கு இனிப்பே சேர்க்காமல் மோரையும் மசித்த வாழைப்பழத்தையும் கொடுங்கள். வெல்லத்துக்குப் பதில் தேன் ஊற்றலாம் என்று நினைத்தால், ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

காரடையான் நோன்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில், பெரும்பாலும் மார்ச் 14 வாக்கில் வரும். வறுத்த அரிசிமாவு, வெல்லப்பாகு, வேகவைத்த காராமணி, தேங்காய்ப் பல் சேர்த்துக் கிளறி ஆவியில் வைக்கும் அடை. கிளறுவது பெரியவர்கள் வேலை. மாவு ஆறியதும் நெய் தடவிய வாழை இலைத்துண்டில் தட்டுவதும் நடுவில் விரலால் ஓட்டை போடுவதும் பிள்ளைகள் வேலை. அந்த ஓட்டை அழகுக்கு மட்டும் இல்லை, நடுப்பகுதியும் ஒரே சீராக வேக அது உதவும். பத்து, பன்னிரண்டு நிமிஷத்தில் பளபளவென்று வெந்துவிடும். கூடவே உருகாத வெண்ணெய் ஒரு துண்டு. ஒரே சங்கடம், மாதம் பிறக்கும் நேரம் சில வருஷம் நடு ராத்திரியிலோ விடிகாலையிலோ வரும். அந்த வருஷம் பிள்ளைகளை எழுப்ப வேண்டாம், கொஞ்சம் மாவை எடுத்துவைத்துக் காலையில் தட்டவிடுங்கள்.

இனிப் பெண் கேட்ட ஈஸ்டர் முட்டை. தாராளமாகச் செய்யலாம். கடையில் வாங்கும் வண்ணப்பொடி தேவையில்லை, சாயம் எல்லாம் காய்கறிக் கூடையிலேயே இருக்கிறது. கிரீஸ் நாட்டில் ஈஸ்டர் முட்டை என்றால் சிவப்புத்தான், வெங்காயத் தோலோடு வேகவைத்துச் சாயம் ஏற்றுவது அங்கே பழைய வழக்கம். நம் வீட்டில் தினமும் சேர்கிற வெங்காயத் தோலை ஒரு வாரம் காகிதப் பையில் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். இரண்டு கைப்பிடி தோல், முட்டை மூழ்கத் தண்ணீர், இரண்டு ஸ்பூன் வினிகர். தோலைக் கால் மணி நேரம் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே வெள்ளை முட்டையைப் போட்டு வேகவைத்தால் செங்கல் நிறம் ஏறும். மஞ்சள்தூள் போட்டால் பளிச்சென்ற மஞ்சள். ஊதா முட்டைக்கோஸ் கிடைத்தால் அதைக் கொதிக்கவைத்து வடிகட்டிய தண்ணீரில் வெந்த முட்டையை ஊறவையுங்கள், நீல நிறம் வரும். ஊதாக் காய் எப்படி நீலச் சாயம் தந்தது என்று அவள் வியக்கட்டும். வினிகரின் புளிப்பு ஓட்டைச் சற்றே அரிப்பதால்தான் சாயம் பிடிக்கிறது.

இதில் பிள்ளைகளுக்குப் பிடித்த பாகம் இலை அச்சு. கொத்தமல்லி இலை ஒன்றைத் தண்ணீரில் நனைத்து முட்டைமேல் ஒட்டி, மெல்லிய துணியில் இறுக்கி நூலால் கட்டி, அப்புறம் சாயத்தில் போட வேண்டும். வெந்து ஆறியதும் துணியை அவிழ்த்தால் இலை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, நரம்போடு நிற்கும். கட்டுவது நீங்கள், இலையைத் தேர்ந்தெடுப்பதும் ஒட்டுவதும் அவர்கள். பச்சை முட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்ல மறக்காதீர்கள். சாப்பிடப் போகிற முட்டை என்றால் ஏப்ரல் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஒளித்துவைத்துத் தேடி விளையாட வேண்டுமென்றால் அதற்குத் தனி முட்டை, அது சாப்பிட இல்லை. சோபாவுக்கு அடியில் ஒளித்ததை மறந்துவிட்டால் நாலாம் நாள் மூக்கே கண்டுபிடித்துக் கொடுக்கும்.

எல்லாவற்றையும் இந்த ஒரு வருஷத்தில் முயன்றுவிடாதீர்கள். ராம நவமிக்குப் பானகமும் நீர்மோரும் மட்டும். அடுத்த வாரம் வேப்பம்பூ பொறுக்கல். புத்தாண்டுக்குப் பச்சடி, ஆசைப்பட்டால் மாலாடு. பானகத்தை அன்றைக்கே குடித்துத் தீருங்கள், வெயிலில் வைத்தால் மாலைக்குள் புளித்துவிடும். மிஞ்சினால் குல்ஃபி அச்சில் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். மறுநாள் குச்சி ஐஸ் என்று கொடுத்தால் முதல் நாள் சுக்குக் காரம் என்று முகம் சுளித்தவனும் கேட்டு வாங்கித் தின்பான்.